வெள்ளத்தாயும் கோமதியும் போன சமாதானக் கூட்டம்

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது அந்த ஊரில் எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்: முத்துலெட்சுமி. குருவிகுளம் யூனியனில் கிராமசேவிகா, ஊர் ஊராகப் போய்ப் பெண்களோடு வேலை செய்யும் அரசாங்க ஊழியர். முந்தைய ஆண்டு சென்னையில் நான் போயிருந்த ஒரு பயிற்சிக்கு அவரும் வந்தபோது விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர். நான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் நர்ஸ். எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்தில் ஓய்வு நேரத்தில் ஏதோ செய்துகொண்டிருந்தவள். எண்பதுகளின் நடுவில், நைரோபியில் உலகத்துப் பெண்கள் எல்லாம் கூடப்போகிறார்கள் என்றும், சமாதானத்தில் பெண்களின் பங்கு பற்றி எங்கள் சங்கத்தின் சார்பில் நான் பேச வேண்டும் என்றும் முடிவானது. எனக்கு அதைப்பற்றி என்ன தெரியும்? அப்போதுதான் முத்துலெட்சுமி சென்னையில் சொன்னது ஞாபகம் வந்தது. "எங்க பக்கம் ரெண்டு ஊர்ப் பொம்பளைங்க சேர்ந்து ஒரு வெட்டுக்குத்தையே நிப்பாட்டியிருக்காங்க அக்கா. ஒருநாளு வந்து பாருங்க."

பார்க்க வந்துவிட்டேன். ஸ்டேஷனில் யாரும் இல்லை. காற்று மட்டும் இருந்தது. மேற்கு மலைப் பக்கமிருந்து வரும் ஆனி மாதக் காற்று; சேலையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. நான் அடித்த தந்தி முத்துலெட்சுமிக்குக் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டு லாட்ஜ் தேடிப் போனேன்.

லாட்ஜ் மேனேஜர் என் பெட்டியைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"கூட யாரு வாரா?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

"ஒத்தைப் பொம்பளைக்கு ரூம் குடுக்கிறதில்லம்மா. ஓனர் கண்டிஷன்."

பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிலோனா?" என்றார். இலங்கையிலிருந்து படகுபடகாக ஆட்கள் வந்திறங்கிக்கொண்டிருந்த காலம் அது. என் தமிழ் அவர் காதுக்கு எந்த ஊரிலும் சேராமல் இருந்திருக்க வேண்டும். மலேசியா என்று சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுவதாகவும், சாயந்திரம் ஆறு மணிக்குமேல் வெளியே போகக் கூடாது என்றும் சொல்லி, மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த அறையைக் கொடுத்தார். அவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில்.

சொன்னபடியே ஒரு போலீஸ்காரர் வந்தார். வாசலுக்கு வெளியே நின்றே கேட்டார். "என்ன சோலியா வந்திருக்கிய?"

சமாதானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் என்றேன். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

பசித்தது. சங்கரன்கோவில் பிரியாணி பற்றி ரயிலிலேயே ஒரு அம்மாள் சொல்லியிருந்தார். கடையில் நுழைந்ததும் பேச்சு அப்படியே நின்றது. வாழையிலைக்கு முன்னால் குனிந்திருந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. பரிமாறுகிறவர் ஓடிவந்து ஒரு திரையை விலக்கி, "பேமிலி ரூம் இங்கன இருக்கு. பேமிலி பின்னால வருதா?" என்றார். நான்தான் பேமிலி என்றேன். அவர் சிரிக்கவில்லை. திரைக்குப் பின்னால், நான்கு பேர் உட்காரும் மேஜையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். சீரகச் சம்பா, நன்றாக வெந்த ஆட்டுக்கறி, கூடவே காரமான ஒரு சால்னா. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் பட்டர்வொர்த்தில் படகுத்துறைக்குப் பக்கத்துக் கடையில், சீனக் கிழவர்களுக்கும் மலாய்க்காரப் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு தட்டு மீ கோரெங் நூடுல்ஸோடு உட்கார்ந்திருப்பேனே, அங்கே தனியாக இருப்பது வேறு. அங்கே என்னை யாரும் பார்ப்பதில்லை. இங்கே திரைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் குருவிகுளத்துக்குப் பஸ் ஏறினேன். வழியில் டயர் பஞ்சராகி, வேலிமுள் நிழலில் எல்லாரும் இறங்கி நின்றோம். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அவளும் முதலில் கேட்டது அதுதான். "கூட யாரும் வரலியா?"

யூனியன் ஆபீசில் ஒரு கிளார்க் முத்துலெட்சுமியின் பெயரைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தார். "அந்தம்மாவ ராமநாதபுரம் பக்கம் மாத்தியாச்சே. போன மாசமே."

"ஏன்?"

"பெரிய எடத்துல இருந்து புகார். பொம்பளைங்களத் தூண்டிவிடுதாங்கன்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நல்ல அம்மா. என்ன செய்ய?"

வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. என்ன தோன்றியதோ, அந்த இரண்டு ஊருக்கும் எப்படிப் போவது என்று கிளார்க்கிடம் கேட்டேன்.

அந்த ஊர்களின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. ஒன்றை மேற்கூர் என்றும் மற்றதைக் கிழக்கூர் என்றும் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் வேறு வேறு சாதி. அதற்குமேல் அதைப்பற்றியும் எழுதப்போவதில்லை. நடுவில் கரிசல் காடு. அதில் ஒரு கிணறு. கோடையில் இரண்டு ஊருக்கும் குடிதண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான். பஸ் கண்டக்டர், "அங்கனயெல்லாம் நிக்காதும்மா. கொலை விழுந்ததுல இருந்து நிப்பாட்டுறதில்ல" என்று சொல்லி, அதற்கு முந்தைய விலக்கில், ரோடு பிரியும் இடத்தில், இறக்கிவிட்டார்.

நடந்தேன். இருபுறமும் உழுதுபோட்ட கறுப்பு மண். மழைக்காகக் காத்துக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் எந்த ரோட்டில் நடந்தாலும் ரப்பர் மர நிழல் இருக்கும். இங்கே என் நிழல் மட்டும்தான் கூட வந்தது.

முதலில் பார்த்தது கோமதியை. மேற்கூரின் கடைசி வீடு. முப்பது வயதிருக்கும். முத்துலெட்சுமியின் பெயரைச் சொன்னதும் கதவை முழுதாகத் திறந்தாள்.

"அந்த அக்கா அனுப்புன ஆளா நீங்க?"

இல்லை, அவரைத் தேடி வந்த ஆள் என்றேன். அதற்கும் உட்காரச் சொன்னாள். கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்தாள். நடந்ததையெல்லாம் அவள்தான் சொன்னாள்.

பருத்திக் காட்டில் ஆடு மேய்ந்த தகராறு. இரண்டு ஊர் எல்லையில் ஒரு சாராயக்கடை. அந்தக் கடை வாசலில் வார்த்தை முற்றி, கோமதியின் புருஷன் கிழக்கூர்ப் பையன் ஒருவனை வெட்டிவிட்டான். கல்யாணம் ஆகாத பிள்ளை. அம்மாவுக்கு ஒரே மகன். வெட்டியவன் ஓடிவிட்டான். மேற்கூர் ஆண்கள் எல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் மட்டும் மிச்சம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கிழக்கூர் ஆண்கள் அரிவாளோடு கிளம்பினார்கள்.

"அன்னைக்கி நாங்க எல்லாரும் செத்திருக்கணும் அக்கா. அந்த அம்மாதான் ஊரு எல்லையில குறுக்கப் படுத்துக்கிட்டாங்க."

"எந்த அம்மா?"

"செத்தவனோட அம்மா. வெள்ளத்தாயம்மா. 'என்னய மிதிச்சிட்டுப் போங்க'ன்னு பாதைய மறிச்சுப் படுத்துட்டாங்க. அவங்க ஊர்ப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு கூடப் படுத்திருக்காங்க. ஆம்பளைங்க திரும்பிட்டாங்க."

அதைக் கேள்விப்பட்ட கோமதி, புருஷன் ஒளிந்திருந்த இடத்துக்குத் தானே போனாள். நடந்த வழியெல்லாம் அழுதாளாம். "'வா, கோர்ட்டுல போயி நில்லு. நீ ஓடிட்டா அந்த அம்மா படுத்ததுக்கு என்ன அர்த்தம்'னு கேட்டேன். நானே கூட்டிட்டுப் போயி ஒப்படைச்சேன்." அதன்பிறகுதான் மேற்கூர் ஆண்கள் ஊர் திரும்பினார்கள். மாமியார் வீட்டில் அன்றைக்கே அவளையும் அவள் சின்ன மகளையும் வெளியேற்றிவிட்டார்கள். இந்தக் கடைசி வீடு அவள் தனியாக எடுத்துக்கொண்டது.

"வெள்ளத்தாயம்மாவ அப்புறம் பார்த்தீங்களா?"

"தெனமும் பாக்கேனே. கிணத்தடியில."

"என்ன பேசுவீங்க?"

கோமதி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "பேசுறதா? எப்படி அக்கா பேச முடியும்? எம் புருசன் அவங்க பிள்ளையக் கொன்னவன்லா."

இரண்டு ஊரையும் சேர்ந்து காப்பாற்றிய இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாப் பேச்சும் முத்துலெட்சுமி வழியாகத்தான் போய்வந்தது. கிணற்றில் பெண்கள் சண்டை போடக் கூடாது, காலையில் கிழக்கூரும் சாயந்திரம் மேற்கூரும் தண்ணீர் எடுப்பது, எவன் அரிவாளை எடுத்தாலும் அந்த வீட்டுப் பெண் உடனே சொல்லிவிடுவது என்று எல்லாமே அப்படித்தான் முடிவானது. இப்போது முத்துலெட்சுமி இல்லை. கோமதியின் புருஷனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இரண்டொரு நாளில் வந்துவிடுவான். அவன் வந்தால் விடமாட்டோம் என்று கிழக்கூரில் பேசிக்கொள்வதாகக் கேள்வி. தாசில்தார் இரண்டு ஊர்ப் பெரியவர்களையும் சமாதானக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார். ஆண்களை மட்டும்.

கோமதி "அக்கா, நீங்க கிழக்க போவியளா?" என்றாள். "அவங்க என்ன நெனைக்காங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

பார்க்க வந்தவள் நான். ஒருவர் பேச்சை இன்னொருவருக்குக் கொண்டுபோக வந்தவள் இல்லை. ஆனாலும் எழுந்து கிழக்கே நடந்தேன்.

வெள்ளத்தாய்க்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். உயரமான, ஒல்லியான பெண். வீட்டுக்கு முன்னால் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று எதுவும் கேட்கவில்லை. "கஞ்சி குடிக்கியா தங்கச்சி?" என்றார். கம்பங்கஞ்சியும் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் வைத்தார். சுவரில் மகன் படம். கண்ணாடிக்குள்ளிருந்து சிரித்தான். மீசை அரும்பாத முகம்.

நான் குடித்து முடித்தேன். பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

"எம்மவன் செத்த அன்னைக்கி ஊரே வந்து அழுதுச்சு. மூணாம் நாளு பாக்கேன், எல்லாவனும் அருவாளத் தீட்டிக்கிட்டு இருக்கான். பழி வாங்க நூறு பேரு இருக்கான் தங்கச்சி. எங்கூட உக்காந்து அழ ஒருத்தன் இல்ல."

"அதனாலதான் குறுக்க படுத்தீங்களா?"

"அதெல்லாம் யோசிச்சாப் படுத்தேன்? இவங்க போயி இன்னொருத்தி மகன வெட்டிட்டு வந்தா எம்மவன் சாவு அதுக்குள்ள காணாமப் போயிரும்னு தோணுச்சு. அப்புறம் அவனப் பத்தி யாரு பேசுவா? எத்தன தலைன்னுதான் பேசுவான்."

கோமதி அனுப்பிய கேள்வியைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது. அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை.

"அவகிட்டக் கேளு. அவன் வந்தா எங்கன இருப்பான்?"

மறுபடியும் மேற்கே நடந்தேன். அன்றும் மறுநாளும் எனக்கு அதே வேலைதான். கிழக்கிலிருந்து ஒரு கேள்வி, மேற்கிலிருந்து ஒரு பதில். 'வீட்டோட இருப்பான். கிணத்துப் பக்கமோ கிழக்கூர்ப் பாதையிலயோ கால் வைக்கமாட்டான். அதுக்கு நான் பொறுப்பு.' 'சாராயக்கடைக்குப் போகமாட்டான்னு என்ன நிச்சயம்?' 'கடையை அங்கன இருந்து எடுத்தாத்தான் நிச்சயம். ரெண்டு ஊரும் சேர்ந்து கேட்போமா?' 'கேட்போம். கூப்பிடாட்டியும் கூட்டத்துக்கு வாசல்லயாவது போயி இருப்போம்.' காற்று என் முகத்தில் மண்ணை அள்ளி வீசியது. இவர்கள் பேச்சில் நான் எங்குமே இல்லை. ஒரு தபால்காரிபோல வாசலில் நின்றேன். பட்டர்வொர்த்தில் அம்மா இறந்த பிறகு என் வீட்டில் பேச்சே கிடையாது. ரேடியோதான். இங்கே நாள் முழுவதும் வாய் ஓயாமல் பேசினேன். அதில் என்னுடைய சொல் ஒன்றுகூட இல்லை. சாயந்திரம் லாட்ஜுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால், தறிகளின் சத்தம் எல்லாத் தெருவிலிருந்தும் கேட்கும். கோவிலுக்குப் போய் வந்த பெண்கள் நெற்றியில் புற்றுமண் பூசிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ஒருத்தியாவது தனியாகப் போகிறாளா என்று பார்ப்பேன். போனதில்லை.

கூட்டத்தன்று காலையில் தாலுகா ஆபீசுக்குச் சீக்கிரமே போய்விட்டேன். முதலில் கோமதி வந்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பிறகு வெள்ளத்தாய், இரண்டு மூன்று பெண்களோடு. வேப்பமரத்தின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் மற்றவர். நடுவில் நான். பிறகு ஆண்கள் வந்தார்கள், வெள்ளை வேட்டியும் துண்டுமாக. எங்களைப் பார்த்ததும் இரண்டு ஊர்க்காரர்கள் முகத்திலும் ஒரே மாதிரி எரிச்சல். முதன்முதலாக இரண்டு ஊரும் ஒத்துப்போனது அதில்தான்.

வாசலில் நின்ற டவாலிச் சேவகர், "கூப்பிட்டவங்க மட்டும்தான் உள்ள போகலாம். பொம்பளையாளு இங்கனயே இருங்க" என்றார்.

இருந்தோம். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. "அவன் ஊருக்குள்ள கால் வச்சான்னா..." என்று ஒருவர். "வச்சா என்னவே செய்வ?" என்று இன்னொருவர். நாற்காலி ஒன்று கீழே விழுந்தது. தாசில்தார் மேஜையைத் தட்டினார். யாரும் அடங்கவில்லை. வாசலுக்கு வெளியே நின்ற இளவட்டங்கள் இரண்டு பக்கமும் வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கினார்கள். ரோட்டில் போன ஒரு பெரியவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனார். ஆஸ்பத்திரியில் வெட்டுப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டுவதற்கு முந்தைய நிமிஷத்தைப் பார்த்ததில்லை.

வெள்ளத்தாய் எழுந்தார். சேலை மண்ணைத் தட்டினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்று திரும்பினார். என்னைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். என்னிடம்தானே சொல்லி அனுப்புவார்.

"ஏட்டி கோமதி" என்றார். "நீயும் வா."

கோமதி அப்படியே நின்றுவிட்டாள். வேட்டி கட்டிக்கொண்டிருந்த கைகள் நின்றன. கிழக்கூர்ப் பெண் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கோமதி ஓட்டமும் நடையுமாக வந்து வெள்ளத்தாய்க்கு ஒரு அடி பின்னால் நின்றாள். டவாலி கையை நீட்டி மறித்தார். வெள்ளத்தாய் அந்தக் கையைப் பார்த்தார். டவாலி கையை எடுத்துவிட்டார்.

நான் கதவோரம் நின்று பார்த்தேன். தாசில்தார் சின்ன வயசுக்காரர். வியர்த்துப்போயிருந்தார்.

"யாரும்மா நீங்க? யாரு உள்ள விட்டது?"

"செத்தவனப் பெத்தவ" என்றார் வெள்ளத்தாய்.

கோமதியின் குரல் எழும்பவே இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "கொன்னவனுக்கு வாக்கப்பட்டவ."

வெள்ளத்தாயின் கொழுந்தன் எழுந்தார். "மதினி, வெளிய போங்க. இது ஊரு விசயம். உங்களுக்காகத்தான பேசிக்கிட்டு இருக்கோம்."

"எனக்காகப் பேசுதியளா? என்கிட்டக் கேட்டியளா?" வெள்ளத்தாய் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, தாசில்தாரைப் பார்த்துச் சொன்னார். "ஐயா, எழவு எங்க வீட்டுல. பயம் இவ வீட்டுல. நாங்க ரெண்டு பேரும் வெளிய இருந்தா, உள்ள இருந்து யாருக்கும் யாருக்கும் சமாதானம் பேசுதிய?"

தாசில்தார் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இரண்டு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். வெள்ளத்தாய் விளிம்பில் உட்கார்ந்தார். கோமதி உட்காரவே இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் காட்டுப் பாதையில் சுமந்து திரிந்த பேச்சையெல்லாம் அவர்களே சொன்னார்கள். அவன் வரலாம், வீட்டோடு இருப்பான், கிணற்றுப் பக்கம் வரமாட்டான். தண்டனையைக் கோர்ட் கொடுக்கட்டும். சாராயக்கடை எல்லையிலிருந்து போக வேண்டும். இரண்டு ஊர் விலக்கிலும் பஸ் நிற்க வேண்டும். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் மாசக்கணக்காகிறது. கடைசியாக வெள்ளத்தாய், "அந்தக் கிராமசேவிகா அம்மாவத் திருப்பி அனுப்புங்க" என்றார். கடையும் மாற்றலும் தன் கையில் இல்லை, மேலே எழுதுகிறேன் என்றார் தாசில்தார். பஸ்ஸுக்கு அன்றே சொல்வதாகச் சொன்னார். ஆண்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். கொழுந்தன் கடைசியாகப் போட்டார். வெளியே வந்ததும் வெள்ளத்தாயிடம், "இனிமே உங்க வாசல எவனும் மிதிக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கோமதி என் கையைப் பிடித்து, "வாரேன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினாள். வெள்ளத்தாய் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இனிமே அவங்ககூடப் பேசுவீங்கதானே?" என்று கேட்டேன். இப்போது யோசித்தால் சின்னப்பிள்ளைத்தனமான கேள்வி.

"எதுக்கு? இன்னைக்கித் தேவை இருந்துச்சு, பேசுனேன். அவளப் பாக்கையில எல்லாம் எம்மவன் வெட்டுப்பட்டுக் கெடந்ததுதான் கண்ணுல நிக்குது. அவ என்ன செய்வா பாவம். நாந்தான் என்ன செய்வேன்."

பஸ் ஸ்டாண்டில் காபி வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். கிழக்கூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். வெள்ளத்தாய் ஏறி, பெண்கள் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பின்னாலேயே அவர் ஊர்ப் பெண்கள் ஏறினார்கள். காலையில் அவரோடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூடையும் பையும் வைத்துக்கொண்டு, இடுப்பில் பிள்ளையோடு நின்றார்கள். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. வெள்ளத்தாய் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பஸ் கிளம்பியது. அது திரும்பி மறைந்த பிறகும், டீசல் புகை கலைந்த பிறகும், நான் அங்கேயே நின்றேன்.

மறுநாள் ராஜபாளையம் வழியாக மதுரை போகும் பஸ் ஏறினேன். சிவகிரியில் வண்டி நின்றபோது மலை பக்கத்தில் வந்து நின்றது, உச்சியில் மேகம். பஸ்ஸில் ஒரு அம்மாள் தன் மகள் கல்யாணத்தைப் பற்றி மதுரைவரை பேசிக்கொண்டே வந்தார். நான் ம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

பிறகு நடந்ததை முத்துலெட்சுமி எழுதித் தெரிந்துகொண்டேன். பஸ் நிற்கிறது. கோமதியின் புருஷன் வந்தான்; சொன்னபடி வீட்டோடு இருந்தான்; வழக்கு முடிந்து பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனான். சாராயக்கடை கொஞ்சம் தள்ளிப் போனது, அவ்வளவுதான். முத்துலெட்சுமியைத் திருப்பி அனுப்பவில்லை. இரண்டு ஊரிலும் அதன்பின் யாரும் வெட்டுப்படவில்லை. வெள்ளத்தாயை நல்லது கெட்டதுக்கு யாரும் அழைப்பதில்லை.

நைரோபியில் எங்கள் கூட்டம் ஒரு கல்லூரி வகுப்பறையில் நடந்தது. வெளியே புல்தரையெங்கும் பெண்கள். எத்தனை நிறம், எத்தனை உடை, எத்தனை தலைத்துணி. எல்லாரும் கூட்டமாகவும் சத்தமாகவும் இருந்தார்கள். நான் ஒரு ஓரத்தில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அணுகுண்டைப் பற்றியும், படைகளைப் பற்றியும், பேச்சுவார்த்தை மேஜைகளில் பெண்களுக்கு இடம் இல்லாததைப் பற்றியும் பேசினார்கள். என் முறை வந்தபோது எழுதி வைத்திருந்ததைப் படிக்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலைச் சொன்னேன். நாற்காலி விழுந்த சத்தத்தைச் சொன்னேன். 'செத்தவனப் பெத்தவ' என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் திணறினேன். வெள்ளத்தாய் நாற்காலியில் உட்கார்ந்த இடத்துக்கு வந்தபோது தலைவி மணியடித்துவிட்டார். நேரம் முடிந்தது. கைதட்டினார்கள். நல்ல முடிவு என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

எல்லாரும் கலைந்த பிறகு ஒரு ஆப்பிரிக்க அம்மாள் என் அருகே வந்தார். உகாண்டாவிலிருந்து வந்திருந்தார். பெரிய பூப்போட்ட அங்கி. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி ஆங்கிலத்தில் கேட்டார்.

"அந்தத் தாய் வீட்டுக்குப் போனாளே, யார் கூடப் போனாள்?"

அந்த அறையில் இருந்த அத்தனை பேரில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"யாரும் போகவில்லை" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையாட்டினார். தன் கிராமத்தில் தானும் அப்படி ஒரு காரியம் செய்ததாகச் சொன்னார். தன் தம்பியைக் கொன்ற பக்கத்துக் கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசியதாகவும், அதிலிருந்து தன் சொந்தச் சகோதரிகள் தன் அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னார். புகார் சொல்லும் குரல் இல்லை அது. ஊரில் மழை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"அவள் பெயர் என்ன?" என்று கேட்டார்.

வெள்ளத்தாய் என்றேன். அவருக்கு அது வாயில் நுழையவில்லை. நான் மறுபடி சொன்னேன். அவர் மறுபடி முயன்றார். வெளியே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலி வகுப்பறையில், சரியாக வரும்வரை, அந்தப் பெயரை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.